போயிட்டு வரேன், முப்பது தடவை

அன்று நான் அண்ணனிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: எனக்கு நாய் என்றால் பயம்.

சொல்ல நேரம் இருந்தது. என் மாடி அறை வாசலில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சங்கிலியை என் கையில் கொடுத்தான். "லைட் ஹவுஸ் வேலை, பத்தே மாசம்தான் சுண்டு. அந்தத் தீவுல பறவைங்க முட்டை போடுதாம், நாயே கூடாதுங்கறாங்க. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். பிறகு மண்டியிட்டு, பொட்டலம் என்று அவன் கூப்பிடும் அந்த நாயின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, "போயிட்டு வரேன், என்ன? போயிட்டு வரேன்" என்றான். படியிறங்கிப் போனான். சங்கிலியின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அது. இருவரும் அசையவில்லை. அவன் தெருமுனையில் திரும்பியதும் அது ஊளையிட ஆரம்பித்தது.

அந்த வருடத்துக் கடிதங்கள் இவை. அவன் எழுதியவற்றை நான் வைத்திருந்தேன். நான் எழுதியவற்றை அவன் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்து, வந்தபோது என்னிடம் கொடுத்தான்.

*

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். கடல் உன் வயிற்றைக் கலக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததா? போன முதல் நாளே கலங்கரை விளக்கத்தின் உச்சியில் காற்று வாங்கி, ஜலதோஷத்தையும் வாங்கியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

பொட்டலம் நலம். மேசைக்கு அடியில் இருக்கிறது. நான் கட்டிலில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அறையின் மிச்சமெல்லாம் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். அதற்கு அதுதான் வசதி என்று தோன்றுகிறது. ஒட்டடைக் கம்பு இத்தனை நீளமாக இருப்பது எவ்வளவு உபயோகம் என்று இப்போதுதான் தெரிந்தது.

காலை ஒன்பதுக்கு நான் அச்சகத்துக்குக் கிளம்பினால் ஊளையிடுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நான்தான் அங்கே இருப்பதில்லையே. கதவின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல். என் செருப்பில் வலது மட்டும் மிச்சம். கீழ்வீட்டு நர்ஸம்மாவை உனக்கு நினைவிருக்கும், வீட்டுக்காரம்மா. நேற்றுப் படியில் என்னை நிறுத்தி, "மேல யாரும்மா, பாட்டு கத்துக்கறாங்களா?" என்று கேட்டார். அவருக்கு இரவு டியூட்டி. பகலில்தான் தூங்குகிறார்.

என்ன செய்தால் அது சமாதானமாகும்? அடுத்த படகிலேயே பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள், படிகளில் ஓடாதே.

உன் தங்கை

*

பிப்ரவரி 22

சுண்டு,

உன் கடிதம் உப்பு வாசனையோடு வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன், தொடைகளை மட்டும் என்னுடையவை என்று சொல்ல முடியாது. இருநூற்றுப் பதினான்கு படி, ஒரு நாளைக்கு நான்கு தடவை. இங்கே என்னோடு இருப்பவர் ஒரே ஒருவர், விளக்கின் பொறுப்பாளர். மனதுக்குள் 'பெருசு' என்று கூப்பிடுகிறேன். வாரத்துக்கு ஏழு வார்த்தை பேசுவார். அதில் நான்கு, "லென்ஸ தொடாதே, கைரேகை விழும்."

நாய் விஷயம். நீ செல்லம் கொடுக்கிறாய், அதுதான் கோளாறு. ஒரு அதட்டு அதட்டு. குரலைத் தடிமனாக்கி, 'ஏய்!' என்று ஒரே ஒரு தடவை. வீட்டில் யார் பெரியவர் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். செருப்பைக் கடித்தால் மிச்சச் செருப்பாலேயே மூக்கில் ஒன்று வை. மற்றபடி அவன் சமத்து. யாரிடம் விட்டாலும் இருந்துகொள்வான்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை அச்சு மை குடித்தே வாழ்கிறாயா? கண்ணாடியை மாற்றினாயா?

உன் அண்ணன்

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

சுகம். கண்ணாடியை மாற்றிவிட்டேன். உன் தொடைகளுக்கு என் அனுதாபம்.

நீ சொன்னபடி அதட்டினேன். குரலைத் தடிமனாக்கியதில் எனக்கே இருமல் வந்தது. அது வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு மேசைக்கடியில் போய், அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அரைமணி நேரம் உதட்டை நக்குவதும் கொட்டாவி விடுவதுமாக இருந்தது. தூக்கம் இல்லை அது. வீட்டில் யார் பெரியவர் என்பது தெரிந்துவிட்டது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இனி அதட்ட மாட்டேன்.

கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என் வயதுப் பெண். ஒரு கையில் பூனை, இன்னொரு கையில் பேனா. நான் விவரம் சொல்லி முடிப்பதற்குள், "திமிர்ல ஊளையிடலங்க, பயத்துல ஊளையிடுது. பயத்த அதட்டினா போயிடுமா? உங்களுக்கு எதுக்காவது பயம்னா, யாராவது திட்டினா தெளிஞ்சிடுமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப முதல்ல பாருங்க. எப்ப ஆரம்பிக்குது, எது நடந்ததும் ஆரம்பிக்குதுன்னு பாருங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க" என்று பூனையைத் திருப்பினார்.

பயம் என்றதும் எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. அதைக் கட்டிலிலிருந்தே யோசித்தேன்.

ஆனால் நேரம் அதிகமில்லை. நர்ஸம்மா மேலே ஏறி வந்துவிட்டார். டியூட்டிப் புடவைகூட மாற்றவில்லை. "இந்தா பாரும்மா, எனக்கு நாய் மேல கோபம் இல்ல, உன் மேலயும் இல்ல. ராத்திரி பூரா முப்பத்தாறு கட்டிலுக்கு ஓடுறேன். பகல்ல கண்ண மூடலன்னா யாருக்காவது ஊசிய மாத்திப் போட்டுடுவேன். ஏப்ரல் முடிய டைம் தரேன். மே ஒண்ணாம் தேதி ஒண்ணு அது போகணும், இல்ல ரெண்டு பேரும் போகணும்." நியாயம்தான். அதனால் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எப்போது ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும், நானோ அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்று. என்னை முறைத்தார். "எப்படியும் முழிச்சிட்டுதான் கெடக்கறேன். எழுதியாவது வைக்கிறேன்" என்றார்.

இப்போது எங்கள் மாடிப்படியின் அடியில், ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் தொங்குமே, அதே மாதிரி அட்டையில் கிளிப் போட்டு ஒரு அட்டவணை தொங்குகிறது. நேரம், சத்தம், எத்தனை நிமிடம், குறிப்பு. முதல் நாள்: "காலை 9.02. ஊளை. 47 நிமிடம். குறிப்பு: எனக்கும் அழுகை வந்தது."

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. பெருசுக்கு என் வணக்கம், அவர் திருப்பிச் சொல்லாவிட்டாலும்.

உன் தங்கை

*

மார்ச் 30

சுண்டு,

நலம். கடல் மோசம், படகுக்காரர் காத்திருக்கிறார், அதனால் நாலே வரி. நாய்க்கெல்லாம் அட்டவணை போடும் வீட்டை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கதவைச் சாத்திக் குளியலறையில் விட்டுப் பார். அதற்கும் அடங்கவில்லை, நர்ஸம்மாவும் விடவில்லை என்றால் பழைய லாரி ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிடு; அங்கே மெக்கானிக் பார்த்துக்கொள்வார், அவனுக்கும் பழகின இடம்தான். உன்னை வீட்டைவிட்டு வெளியேற்ற நான் காரணமாக இருக்கக் கூடாது. உடம்பைக் கவனி.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

உன் நாலு வரி கிடைத்தது. நீ நலம் என்பதில் சந்தோஷம். எனக்கு ஒரு பல் குறைவு, மற்றபடி நலம். அந்தப் பல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மதியம் வீட்டில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, வாயில் பஞ்சோடு மறுபடி அச்சகத்துக்குக் கிளம்பினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அட்டவணையில் இப்படி இருந்தது: "பகல் 2.05. சத்தம் இல்லை. குறிப்பு: நாய் உயிரோடு இருக்கிறதா??"

உயிரோடுதான் இருந்தான். மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அன்று என்ன வித்தியாசம்? அதே சாவி, அதே பை, அதே கதவு. வாய் மட்டும்தான் வேறு. பஞ்சு இருந்ததால் நான் வாயே திறக்கவில்லை. மற்ற நாளெல்லாம் கதவைச் சாத்தும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வேன். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தா சொல்கிறோம்? வாயில் வருவதுதான். வியாழக்கிழமை வேண்டுமென்றே சொல்லிவிட்டுப் போனேன்: 41 நிமிடம். இன்று சொல்லவில்லை: 4 நிமிடம், அதுவும் சன்னமாக. இன்னொன்றும் இப்போது புரிகிறது. சாயங்காலம் நர்ஸம்மா டியூட்டிக்குக் கிளம்பும்போது கீழே கேட்டிலிருந்து, "போயிட்டு வரேம்மா!" என்று குரல் கொடுப்பார். உடனே மேலே இவன் ஊளையிடுவான். நான் பக்கத்திலேயே இருப்பேன், அப்படியும். அவர் போனால் இவனுக்கு என்ன என்று நினைத்திருக்கிறேன்.

ஆக, அந்த வார்த்தை அவனுக்கு வேறு எதையோ சொல்கிறது. அண்ணா, இரண்டு கேள்வி. இதற்கு முன்னால் நீ அவனிடம் அதை எப்போதெல்லாம் சொல்லியிருக்கிறாய்? லாரி ஷெட் எப்படி அவனுக்குப் பழகின இடமாயிற்று?

காற்று அதிகமாக இருக்கும் நாளில் காதை மூடிக்கொள்.

உன் தங்கை

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? படகு இரண்டு தடவை வந்துவிட்டது, உன் கடிதம் வரவில்லை. காய்ச்சல் ஏதும் இல்லை என்று ஒரு வரியாவது எழுது.

நான் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆரம்பித்துவிட்டேன். சொல்லாமலே போய்விடுவது சுலபம், நர்ஸம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் இந்த ஊரில் கேட்டைத் திறக்கிற ஒவ்வொருவரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள். எத்தனை பேர் வாயில் பஞ்சு வைப்பது? தவிர, அவனிடமிருந்து ஒளிந்து ஒளிந்து போவது எனக்குப் பிடிக்கவில்லை.

அச்சக மேனேஜரிடம் இரண்டு வாரம் ப்ரூஃபை வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

பயிற்சி இவ்வளவுதான். "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். போகக் கூடாது. உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. முதல் நாள் ஒவ்வொரு தடவைக்கும் துள்ளி எழுந்து, நடுங்கி, கதவுக்கும் எனக்குமாக ஓடினான். மூன்றாம் நாள் தலையை மட்டும் தூக்கினான். ஐந்தாம் நாள் ஒரு கண்ணைத் திறந்து, 'நீ எங்கேயும் போகப் போவதில்லை, எனக்குத் தெரியும்' என்பதுபோல் பார்த்தான். அதன் பிறகு சாவியை எடுத்து வைப்பேன். பிறகு செருப்பு போட்டுக்கொண்டு அதோடு உட்கார்ந்து ப்ரூஃப் பார்ப்பேன். பிறகு கதவைத் திறந்து மூடுவேன். பிறகு வெளியே பத்து விநாடி. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். அவன் பயப்பட ஆரம்பிப்பதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். ஒரு நாள் பேராசைப்பட்டுப் பதினைந்து நிமிடம் நின்றேன். எல்லாம் கெட்டு, மறுபடி பத்து விநாடியிலிருந்து ஆரம்பித்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் தன் மனைவியிடம் சொன்னது எனக்கே கேட்டது: "பாவம், படிச்ச பொண்ணு. காலைலேர்ந்து போறேன் போறேன்னு சொல்லிட்டு எங்கயுமே போகல."

இன்னொரு விஷயம். வீட்டில் எனக்கு ஜோடி சேர்ந்து படிக்க ஆளில்லை, அதனால் ப்ரூஃபை நானே சத்தமாகப் படித்துத் திருத்துகிறேன். பம்பு செட் பழுதுபார்க்கும் கையேடு. நிறுத்தக்குறிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தெரியுமல்லவா? அவன் கேட்கிறான்! ஒவ்வொரு 'முற்றுப்புள்ளி'க்கும் ஒரு பிஸ்கட் துணுக்கைத் தரையில் உருட்டிவிடுகிறேன். முதலில் மேசைக்கடியிலிருந்து எட்டி எடுத்தான். இப்போது மேசைக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு, வால்வு அத்தியாயத்தைக் கவனமாகக் கேட்கிறான். நீளமான வாக்கியம் வந்தால் பெருமூச்சு விடுகிறான்.

நாளை மறுநாள் மே ஒன்று. திங்கள் முதல் அச்சகத்துக்குத் திரும்பிவிட்டேன், வழக்கம்போல் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அட்டவணையில் திங்கள் 11 நிமிடம், செவ்வாய் 6, புதன் 3. இன்று வந்து பார்த்தால் ஒன்பது மணிக்குப் பிறகு கட்டம் காலியாக இருந்தது. எழுதக்கூட மனமில்லாமல் கோபமாக இருக்கிறாரோ என்று கதவைத் தட்டினேன். தலைமுடி கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்து நின்றார்.

"என்னம்மா?"

"இன்னைக்கு எழுதலையே நீங்க..."

"தூங்கிட்டேன்மா" என்றார். பிறகு அவருக்கே புரிந்து, இருவரும் வாசலில் நின்று சிரித்தோம். மே ஒன்றாம் தேதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுது. எழுதப் பிடிக்கவில்லையென்றால் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

உன் தங்கை

*

மே 14

சுண்டு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு படகுக்கும் கடிதம் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். பெருசு பார்த்துவிட்டு, "காகிதம் வீணாகுது" என்றார். அந்த வாரத்தின் கால்வாசிப் பேச்சு அதில் போயிற்று.

பொட்டலத்தை நான் விட்டுப் போவது இதுதான் முதல் தடவை என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நான்காம் தடவை. இந்த வேலைக்கான பயிற்சிக்குப் போனபோது நான்கு மாதம் லாரி ஷெட்டில். பிறகு ஒரு கூட்டாளியின் அறையில் இரண்டு மாதம். பிறகு பெட்ரோல் பங்க் வாட்ச்மேனிடம் ஐந்து வாரம். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி முகத்தைப் பிடித்துக்கொண்டு, அதே வார்த்தை. அவனுக்காகச் சொல்லவில்லை, என் மனசு ஆறுவதற்காகச் சொன்னேன். திரும்பி வரும்போதெல்லாம் அவன் இளைத்திருப்பான். மூன்று தடவையும் சொன்னபடி வந்துவிட்டேன், அதனால் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் காலண்டர் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

'சமத்து, யாரிடம் விட்டாலும் இருந்துகொள்வான்' என்று உனக்கு எழுதினேன். அதைப் படித்தபோது என்ன நினைத்தாயோ. திட்டுவதானால் திட்டு, ஆனால் எழுது.

அண்ணன்

*

ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

நலம். உன் கடிதம் வந்தது. திட்டினால் பயம் தெளியாது என்று இங்கே நிரூபணம் ஆகியிருக்கிறது, அதனால் அதை விட்டுவிடுவோம்.

புதுச் செய்தி நிறைய. பம்பு செட் முடிந்தது, இப்போது தேனீ வளர்ப்பு. பொட்டலத்துக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. முன்னுரையில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டான். மெஷின்மேன், "நம்ம அச்சகத்துல முன்னுரைய முழுசா உள்வாங்கினது அவன் ஒருத்தன்தான்" என்கிறார். 'முற்றுப்புள்ளி' என்றால் இப்போது எங்கே இருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுகிறான். தெருவில் சைக்கிளைத் துரத்தப் போனவனை அந்த ஒரு சொல்லால் நிறுத்தினேன். சைக்கிள்காரரும் நின்றுவிட்டார்.

நர்ஸம்மா விடுமுறை நாட்களில் மேலே வந்து அவனுக்கு நாடி பார்க்கிறார். அட்டவணையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் அப்சர்வேஷன்ல இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 1 அன்று காலை எட்டு இருபதுக்கு, நான் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, அவன் தலையை என் பாதத்தின் மேல் வைத்தான். பக்கம் 112, மூன்றாவது பத்தி. நான் காலை எடுக்கவில்லை. ஒன்பதேகாலுக்குக் கால் மரத்துப்போனது. அன்று அச்சகத்துக்குத் தாமதம். சும்மா எழுதி வைத்தேன்.

பெருசு எப்படி இருக்கிறார்? உனக்குத் தூக்கம் வருகிறதா?

உன் தங்கை

*

ஜூலை 3

சுண்டு,

நலம், தூக்கம் சுமார். இரண்டு விஷயம்.

ஒன்று. எனக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லையாம். இன்னும் ஒரு வருடம் இங்கேதான். நடுவில் செப்டம்பரில் ஆறு நாள் லீவு. வரலாமா, வேண்டாமா? வந்தால் திரும்பிப் போக வேண்டும். போகும்போது அவன் மறுபடி உடைந்துபோனால் உன் ஆறு மாத உழைப்பும் போச்சு, வீடும் போச்சு. அவனைப் பார்க்காமலே இருந்துவிட என்னால் முடியும். கஷ்டம்தான், ஆனால் முடியும். நீ சொல்வதைக் கேட்கிறேன்.

இரண்டு. 'பக்கம் 112, மூன்றாவது பத்தி.' ஒரு நாய் காலில் தலை வைத்ததற்கு யாராவது பக்க எண் குறிப்பார்களா? மேலே விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஒட்டடைக் கம்பு. கட்டில். 'தட்டைத் தள்ளி வைக்கிறேன்.' எல்லாவற்றையும் எடுத்து மறுபடி படித்தேன்.

உனக்கு எட்டு வயது, எனக்குப் பதினொன்று. அந்த மரக்கடை நாய். கல்லை எறிந்தவன் நான். ஓடித் தப்பித்தவனும் நான். அது துரத்தியதில் வேலியில் போய் விழுந்தவள் நீ. 'வேலிக் கம்பி கிழிச்சிடுச்சும்மா' என்று அம்மாவிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. யார் துரத்தியது, எதனால் துரத்தியது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நீயும் அழுதுகொண்டே 'ஆமா' என்றாய். இத்தனை வருடத்தில் நீ ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் கையில் போய்ச் சங்கிலியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் சுண்டு, அன்றைக்கு வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அண்ணன்

*

ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நீ கட்டாயம் வர வேண்டும்.

போகிறவர்களைப் பார்க்காமல் வைத்து அவனைக் காப்பாற்றுவதென்றால் நான் அந்த முப்பது தடவையும் சொல்லியிருக்கவே வேண்டாம். போகிறவர்கள் போவார்கள், வீடு அப்படியேதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உன் விஷயத்தில் தெரிகிறதா என்பதை நீ வந்து போனால்தான் பார்க்க முடியும். கெட்டுப்போனால் பத்து விநாடியிலிருந்து ஆரம்பிப்பேன். நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும். போற அன்னைக்கு நான் தூங்காம அட்டவணையோட உக்காந்திருக்கேன்" என்றார்.

ஆனால் உனக்கும் பயிற்சி வேண்டும். வந்ததும் கட்டிப் புரளாதே. அவன் நான்கு காலும் தரையில் படும் வரை சுவரைப் பார்த்து நில். போகும்போது மண்டியிடக் கூடாது, முகத்தைப் பிடிக்கக் கூடாது, தொண்டையை அடைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே தடவை, கடைக்குப் போவது மாதிரி சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. இப்போதிருந்தே பழகு.

வேலியைப் பற்றி எழுதியிருந்தாய். தழும்பு இப்போது தேடினால்தான் தெரிகிறது. வாசலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நீ, 'உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா' என்று கேட்ட பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

காது மூடும் தொப்பியை எடுத்துக்கொண்டு வா, கிழிந்திருந்தால் தைத்துத் தருகிறேன்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 20

சுண்டு,

பரம சுகம். செப்டம்பர் 9 மதியப் படகு.

பயிற்சி நடக்கிறது. பழக வேறு ஆளில்லாததால் பெருசிடம் தினமும் இருபது தடவை "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள், "போய்த்தான் தொலையேன்டா!" என்று கத்தினார். நான் பார்த்ததிலேயே அவர் அதிகம் பேசிய நாள் அதுதான். விவரத்தைச் சொன்னேன். "குரல்ல இன்னும் கனம் இருக்கு. மறுபடி சொல்லு" என்றார். இப்போது அவரே திருத்துகிறார்.

நலமாக இரு. அவனிடம் நான் வருவதைச் சொல்லாதே. சொன்னாலும் புரியாது, தெரியும்.

அண்ணன்

*

செப்டம்பர் 9 அன்று அவன் வந்தான். பொட்டலம் மாடிப்படியில் உருண்டு, கேட்டில் மோதி, எழுந்து, மறுபடி மோதியது. அண்ணன் நான் எழுதியபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. நான்கு காலும் தரையில் பட ஒன்பது நிமிடம் ஆயிற்று.

ஆறு நாளும் அவன் "உட்காரு, உட்காரு" என்று அதிகாரம் செய்து பார்த்தான். அது அவனை அன்போடு பார்த்துக்கொண்டு நின்றது. நான் மேசையிலிருந்து "முற்றுப்புள்ளி" என்றேன். உட்கார்ந்தது. "என்னோட நாய இலக்கணம் படிக்க வச்சிட்டியே" என்றான்.

பதினைந்தாம் தேதி காலை எட்டு நாற்பதுக்குப் பெட்டியை எடுத்தான். கடைக்குப் போகிறவன் குரலில், "போயிட்டு வரேன்" என்றான், ஒரே தடவை. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிக் கேட்டைச் சாத்திவிட்டுத் தெருமுனையில் திரும்பினான். பொட்டலம் தலையைத் தூக்கியது. கதவைப் பார்த்தது. பிறகு மேசைக்குப் பக்கத்தில், என் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

நான் படி வரைக்கும் போனேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் அச்சகத்திலிருந்து திரும்பியபோது அட்டவணையைப் பார்த்தேன். நர்ஸம்மா தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "காலை 8.42. அழுகை. 7 நிமிடம். குறிப்பு: மாடிப்படியில். நாய் அல்ல."